வரம்பில் ஒரு முழம்

"காடைக்கு வந்திருக்கீங்க, சரி சேர். யானைக்கு எப்ப வருவீங்க?"

சம்மாந்துறைக்கு மேற்கே ஒரு வயற்காவல் வாடியில், பிளேன்டீக் கோப்பையைக் கையில் தந்துவிட்டு அந்த விவசாயி கேட்ட கேள்வி இது. சுற்றியிருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முந்தின கிழமைதான் அவருடைய வாடியின் பின்பக்கத் தகரத்தை யானை பிடுங்கி எறிந்து, விதைநெல் மூட்டை இரண்டைக் கிழித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அப்படிப்பட்டவரிடம் போய், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பறவைக்கு இடம் கேட்கிறவனைப் பார்த்தால் சிரிப்பு வராமல் வேறென்ன வரும்?

முப்பது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்முனைக்கு மேற்கே வாப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் இன்னும் வெள்ளாமை செய்கிறேன். இப்போது மோட்டார் சைக்கிளில் வட்டை வட்டையாக, அதாவது ஒவ்வொரு வயல்வெளியாக, போய்க் கேட்பது ஒன்றுதான்: வாய்க்கால் கரையிலும் பெருவரம்பிலும் எண்ணெய் அடிக்காமல் ஒரு முழப் புல்லை விட்டுவையுங்கள், காடையும் கானாங்கோழியும் அதற்குள் குஞ்சு பொரித்துக்கொள்ளட்டும். (எண்ணெய் என்றால் எங்கள் பக்கத்தில் களைநாசினியும் பூச்சிநாசினியும்தான். வெளியூர் வாசகர் தேங்காய் எண்ணெய் என்று நினைத்துவிடக் கூடாது.)

இதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. வரம்புக்கு எண்ணெய் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். முன்பெல்லாம் போகத்துக்குப் போகம் வரம்பை மண்வெட்டியால் செதுக்கிச் சேறு பூசுவார்கள். ஓரத்துப் புல் கொஞ்சம் தப்பிவிடும். கூலி ஏறியதும், செதுக்க ஆள் கிடைக்காமல் போனதும், நாங்கள் 16 லீற்றர் டாங்கியைக் கொண்டுவந்து செய்துகாட்டினோம். முதுகில் கொழுவிக்கொண்டு ஒரு பொடியன் அரை நாளில் வேலையை முடித்துவிடுவான். ஒரு கிழமையில் வரம்பெல்லாம் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடக்கும். அதைப் பார்த்து, "எவ்வளவு துப்புரவு" என்று சொல்லிப் பெருமைப்பட்ட ஆள் நான்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. நான் வயல் பறவைகளைத் தின்று வளர்ந்தவன். உள்ளான் செப்டெம்பர் கடைசியில், ஒக்டோபரில் வந்து இறங்கும், ஏப்ரலில் போய்விடும். சைபீரியாவிலிருந்து வருகிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அப்போது எங்களுக்கு அது, விதைப்புக்குச் சேறடிக்கும் காலத்தில் நீட்டு மூக்கைச் சேற்றுக்குள் கண்மட்டும் விட்டுப் புழு தேடுகிற பறவை, அவ்வளவுதான். வாப்பா கண்ணி முறுக்கி வைப்பார். விடியப்புறம் சுபஹு தொழுதுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. உயிரோடு கிடந்தால் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும், வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்பார். செத்துக் கிடந்தால் அந்தக் கறி எங்களுக்கு இல்லை. உம்மா மிளகு தூக்கலாகப் போட்டு வைக்கும் அந்தக் கறியின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது என்று எழுதினால் வனஜீவராசிகள் திணைக்களத்தார் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இருக்கின்றன. உள்ளானை, காடையை, சிறகித் தாராவை, காட்டுக்கோழியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அது சரியான சட்டம், தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயல் வரம்பில் அந்தச் சட்டம் பெரும்பாலும் கண்ணியையும் துவக்கையும்தான் பார்க்கிறது. முதுகில் கொழுவிய டாங்கி அதன் கண்ணில் படவில்லை. என் வட்டையில் கண்ணி வைக்கிற கடைசி மனிதர் மௌத்தாகிப் பல வருடம். அவர் போன பிறகு காடை பெருகியிருக்க வேண்டுமே? குறைந்துதான் இருக்கிறது. முட்டையிட இடமில்லாத பறவையைச் சுடாமல் விட்டு என்ன பயன்?

சென்ற சிறுபோகத்தில், ஜூன் மாதம், பக்கத்து வயலுக்கு எண்ணெய் அடிக்க வந்த பொடியன் என்னைக் கூப்பிட்டான். "சேர், இஞ்ச ஒரு எலி ஓடுது, வாலக் காணல்ல."

போய்க் குந்தினேன். எலி இல்லை, காடை. இலேசில் பறக்காது, புல்லுக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு எலி மாதிரித்தான் ஓடும். இந்த முறை ஓடவும் இல்லை. கருகாமல் தப்பிய ஒரு புல் திட்டுக்குள் நின்று எங்களைப் பார்த்தது. மார்பில் மணல்நிறத்தில் குறுக்குக் கோடுகள், வெளிறிய கண். அதன் வயிற்றுக்குக் கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றும் என் பெருவிரலின் நுனிக் கணு அளவு. பெரிய காடை எட்டி ஒரு சின்னத் தத்துக்கிளியைக் கொத்தியது, ஆனால் விழுங்கவில்லை. அலகில் பிடித்தபடி மெதுவாக ஒரு சத்தம் போட்டது. முன்னால் வந்த குஞ்சு அலகிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பிறகு அடுத்த பூச்சி, அடுத்த குஞ்சு.

"தாய் பாவம் சேர்," என்றான் பொடியன்.

"அது தாய் இல்ல மனே. வாப்பா."

அவன் நம்பவில்லை. விளக்கிச் சொன்னேன். இந்தக் காடையில் பெட்டைதான் பெரிது, அதற்குத்தான் கழுத்து கறுப்பு. மாலையானால் புல்லுக்குள் இருந்துகொண்டு, தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற மாதிரி உறுமிச் சேவலைக் கூப்பிடுவதும் அதுதான். முட்டை இட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பது, தீனி தேடுவது, வளர்ப்பது எல்லாம் சேவலின் பாடு. (பறவை நூல்களைக் கேட்டால் இது உண்மையான காடையே இல்லை, பின்விரல் இல்லாத வேறொரு குடும்பம் என்பார்கள். எங்கள் ஊரில் காடை என்றால் காடைதான்.)

"அப்ப உம்மா எங்க சேர்?"

"அடுத்த வட்டையில, அடுத்த கலியாணம்."

அவன் சிரித்த சிரிப்பில் டாங்கி குலுங்கியது. அந்தத் திட்டை விட்டுவிட்டு மற்றப் பக்கம் அடித்துக்கொண்டு போனான். பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் பார்த்தால், பெண்சாதி விட்டுப்போன காடையின் கதை எனக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. உயிர்ப்பல்வகைமை என்று நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒன்றாவது இப்படித் தேத்தண்ணிக் கடை வரை போனதில்லை.

அந்தக் குஞ்சுகள் தின்றது நெல் இல்லை, பூச்சி. இப்படிக் குஞ்சுகள் தின்னும் பூச்சியைத்தான் இங்கிலாந்தில் டிக் பொட்ஸ் என்ற ஆய்வாளர் 1960களின் கடைசியிலிருந்து சசெக்ஸ் பகுதிக் கோதுமை வயல்களில் வருடக்கணக்காக எண்ணிப் பார்த்தார். அங்கே வேட்டைக்காரர்கள் உயிரைக் கொடுத்துத் தேடும் சாம்பல் கவுதாரி, 90 வீதத்துக்கு மேல் அழிந்துபோனது. சுட்டதால் மட்டும் அது குறையவில்லை. களைநாசினி களையைக் கொன்றது. களையில் வாழ்ந்த பூச்சி போனது. பிறந்து இரண்டு கிழமைக்குள் பூச்சி கிடைக்காத குஞ்சு செத்துப்போனது. இவ்வளவுதான் சங்கதி. மருந்து குஞ்சின் மேல் ஒரு துளி படத் தேவையில்லை. கண்டுபிடித்த பிறகு, வயலோரத்தில் 6 மீற்றர் அகலத்துக்கு மருந்தைக் குறைத்து அடிக்கும்படி விவசாயிகளிடம் கேட்டார்கள், சம்மதித்த இடங்களில் குஞ்சுகள் கூடுதலாகத் தப்பின.

இந்தக் கதையை நிந்தவூரில் ஒரு கூட்டத்தில் நான் ஆர்வமாகச் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பினார். "ஆறு மீற்றர் விட்டா, என்ட வயல்ல ரெண்டு பக்க வரம்புக்கும் நடுவுல என்ன சேர் மிஞ்சும்? நான் போய் அந்த வெள்ளக்காரன்ட காணியிலதான் விதைக்கணும்."

நியாயம். அவனுடைய வயல் எங்கள் ஒரு வட்டை முழுவதற்கும் சமம். வாப்பாவின் காணி பிள்ளைகளுக்குள் பாகமாகி, அரை ஏக்கர் கால் ஏக்கராக நிற்கிற இடம் எங்களது. அன்றைக்குத்தான் ஆறு மீற்றரை விட்டுவிட்டு ஒரு முழத்துக்கு வந்தேன். அதுவும் எல்லா வரம்பிலும் இல்லை. பாத்தி பிரிக்கும் சின்ன வரம்பு துப்புரவாகவே இருக்கட்டும். வாய்க்கால் கரை, வண்டில் பாதையின் இரண்டு ஓரம், வாடியைச் சுற்றிய மேடு, உழவு மிசின் திரும்ப முடியாமல் விடுகிற மூலை, இவை போதும். நெல் ஒரு கதிர்கூடக் குறையாத இடங்கள் இவை.

எலியைப் பற்றிக் கேட்காத விவசாயி இல்லை. புல் இருந்தால் எலி இருக்கும், எலி வரம்பைத் துளைக்கும், தண்ணீர் கசியும், போதாததற்கு எலிக்காய்ச்சல். இதை நான் மறுக்க மாட்டேன். எலிக்காய்ச்சலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய்ப் புல்லின் அருமையைப் பேச முடியாது. தண்ணீர் பாயும் வக்கடைப் பக்கத்துப் புல்லைச் செதுக்கத்தான் வேண்டும். கையில் காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள், சுகாதாரப் பரிசோதகர் தருகிற மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன், காடை பிறகு. ஆனால் எண்ணெய் அடித்துப் பொட்டலாக்கிய வரம்பிலும் எலி வளை இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அறக்கொட்டியான் என்ற தத்திப் பூச்சியின் பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் பலம் கூடும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில், வரம்பில் எள் போன்ற பூக்கும் பயிர்களை வளர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பூவின் தேனைக் குடித்து வாழும் சின்னக் குளவிகள் தத்தியின் முட்டைக்குள் முட்டையிட்டு அதை அழித்தன. பூச்சிநாசினி அடிப்பது 70 வீதம் குறைந்தது, விளைச்சல் 5 வீதம் கூடியது. 70 வீதம் என்றதும் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து பார்க்கிறார். மருந்து விற்கிற விலை அப்படி. காடையைக் காட்டி எண்ணெய்ச் செலவைப் பேசுவதைவிட, எண்ணெய்ச் செலவைப் பேசிவிட்டுக் காடைக்கு வருவதுதான் வழி என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓய்வூதியம் வரை ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021க்குப் பிறகு எங்கள் விவசாயியிடம் சுற்றாடல் என்ற சொல்லோடு போனால் கதவு பாதிதான் திறக்கும். அந்த வருடம் மே மாதத்தில் இரசாயன உரத்தின், மருந்தின் இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. வெள்ளாமை மஞ்சளித்து நின்றது. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கை நழுவிவிட்டது. நகையை அடகு வைத்து விதைத்தவர்களின் முகம் எனக்கு மறக்காது. ஆகவே நான் எந்த வாடிக்குப் போனாலும் முதல் வசனம் இதுதான்: "உரத்தை நிறுத்தச் சொல்ல வரல்ல."

தாராவைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். சிறகி இரவில்தான் இறங்கும். முளைவிட்ட நெல்லை விதைத்துத் தண்ணீர் வடித்த முதல் நாலைந்து இரவில் ஒரு கூட்டம் இறங்கினால், தின்றது பாதி, மிதித்தது பாதி. அட்டாளைச்சேனையில் ஒரு ஹாஜியார், எண்பதை நெருங்கியவர், எனக்குச் சொன்னார்: "நட்டதுலயும் விதைச்சதுலயும் குருவி தின்னா நமக்கு அது சதக்கா எண்டு ஹதீஸ் இருக்கு தம்பி. நெல்லுக் குருவிக்கு நான் கல்லே எறியிறல்ல. ஆனா இந்தத் தாரா ஒரு ராவுல ஒரு ஏக்கர் சதக்காவ வாங்கிட்டுப் போகுது."

அவருக்கு நான் சொன்ன பதில் பலவீனமானதுதான்: விதைப்பு நேரத்தில் விரட்டுங்கள், அறுவடைக்குப் பிறகு இறங்க விடுங்கள். அறுவடைக்குப் பிறகுதான் எங்களுக்குள் பெரிய வழக்கே இருக்கிறது. வெட்டு மிசின் போன கையோடு சிதறிக் கிடக்கும் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். கல்முனை–அம்பாறை வீதியில் பின்னேரம் போனால் கண் எரியும். கலிபோர்னியாவின் நெல் விவசாயிகளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 1991இல் அங்கே ஒரு சட்டம் வந்து எரிப்பதைப் படிப்படியாகக் குறைத்தது. வைக்கோலை மக்க வைக்க அவர்கள் மாரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டினார்கள். தாரா இலட்சக்கணக்கில் இறங்கியது, சிந்திய நெல்லைத் தின்றது, மிதித்துக் கிளறியதில் வைக்கோல் கெதியாக மக்கியது. எங்களுக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்துத் தண்ணீர் போகத்துக்கே கணக்குப் பார்த்துத்தான் வருகிறது, சும்மா கட்டிவைக்க ஒரு சொட்டுத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. எரிக்காமல் விட்டாலே போதும். ஈரம் காயும் வரை உள்ளானுக்குப் புழு இருக்கும், சிந்தின நெல் தாராவுக்கு.

கலிபோர்னியாவில் இன்னொரு சங்கதி உண்டு, அது எங்களிடம் இல்லாதது. அங்கே தாரா சுட வருகிறவன் விவசாயிக்கு வாடகை கொடுக்கிறான். பறவைக்கு இடம் விட்டால் பை நிறைகிறது. இங்கே சுடுவது குற்றம், அப்படியே இருக்கட்டும். ஆனால் அப்போது அந்த ஒரு முழத்துக்கு யார் காசு தருவது? காட்டுக்கோழியைத் தேசியப் பறவை என்று முத்திரையில் அச்சடிக்கிற அரசா, சம்பா அரிசியை நல்ல விலைக்கு விற்கிற ஆலைக்காரரா? இரண்டு பேரும் இதுவரை வாடிப் பக்கம் வந்ததில்லை. விவசாயியின் நல்ல மனதை நம்பியே எல்லாத் திட்டமும் எழுதப்படுகிறது. நல்ல மனது அவரிடம் நிறைய இருக்கிறது, கடனும் அதே அளவு இருக்கிறது.

பலன் தெரிந்தால் விவசாயி தானே காவல் நிற்பார் என்பதற்குத் தமிழ்நாட்டு வேடந்தாங்கல் சாட்சி. ஏரி மரங்களில் அடையும் நீர்ப்பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் வயல் செழிக்கும் என்று அந்த ஊரார் கண்டுவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் தடை உத்தரவு வாங்கினார்கள். அந்த முறைப்பாட்டைக் கொண்டுபோனவர்கள் நெல் விதைக்கிறவர்கள்.

நான் கேட்பது திட்டமோ நிதியோ இல்லை, ஒரு வரி. போகம் தொடங்கும் முன் அரச அதிகாரிகள் தலைமையில் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாட்டை எப்போது வட்டையிலிருந்து வெளியேற்றுவது எல்லாம் அங்கே கைதூக்கித் தீர்மானிக்கப்படுகிறது. தீர்மானமானால் அது சட்டப்படி செல்லும், மீறினவன் பதில் சொல்ல வேண்டும். மாட்டுக்குத் திகதி வைக்கிறவர்களுக்கு டாங்கிக்கும் ஒரு திகதி வைக்க முடியும்: பொது வாய்க்கால் கரைக்கும் வண்டில் பாதை ஓரத்துக்கும் எண்ணெய் அடிப்பதில்லை, விதைப்புக்கு முன் ஒரு தடவை செதுக்குவது மட்டும். தனியார் வரம்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம்.

இந்த வரியை எழுதிக்கொண்டு எங்கள் விவசாயச் சங்கச் செயலாளரிடம் போனேன். என்னிடம் பயிற்சி வகுப்புக்கு வந்த பிள்ளைதான். மேலே "வயல் பறவைகளின் வாழிடப் பாதுகாப்பு" என்று நான் தலைப்புப் போட்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பேனையை எடுத்துத் தலைப்பை வெட்டி, "வாய்க்கால் கரை எண்ணெய்ச் செலவைக் குறைத்தல்" என்று எழுதினார். "இப்படிப் போட்டாத்தான் சேர், வட்டை விதானைமார் கடைசி வரைக்கும் கேட்பாங்க."

"சரி. காடை எண்டு ஒரு சொல்லையாவது விடுங்க," என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். அடைப்புக்குறிக்குள் விட்டார்.